எழுதியவர் பெயருக்கு ஒரு வரி

வெள்ளைப் பலகையில் தினேஷ் தம்பி நீல மையால் ஒரு கேள்வியை எழுதினார்: "கோபோலுக்கு இன்னும் என்ன வேண்டும்?"

சாப்பாட்டு நேரம் முடிந்து கண் சொருகுகிற வேளை. வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரித் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் அறையில் மட்டும் ஏ.சி. ஓடியது. அந்தக் குளிரும் புளிக்குழம்பும் சேர்ந்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? பலகைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம், நானும் இப்ராகிம் அண்ணனும். நடுவில் ஒரு தட்டு காராச்சேவு.

"ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சொல்லலாம்" என்றார் தினேஷ்.

எனக்கு வேண்டியது அரை மணி நேரத் தூக்கம் என்று சொல்ல வாய்வரை வந்தது. காராச்சேவை எடுத்து வாயை அடைத்துக்கொண்டேன்.

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் தலைமை அலுவலக மாடி அது. தொழிற்சாலை எம். புதுப்பட்டிப் பக்கம். முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தினேஷ் அவருடைய தங்கை மகன். பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, "நம்ம கம்பெனியவும் கொஞ்சம் பாரு மாப்ளே" என்று அண்ணாச்சி கூட்டிவந்திருந்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம். கம்ப்யூட்டர் என்றாலே பெங்களூர்தான் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

கோபோல் என்பது கம்ப்யூட்டருக்கு வேலை சொல்வதற்கான ஒரு பழைய மொழி. வியாபாரக் கணக்குக்கென்றே பிறந்தது. எங்கள் கம்பெனியின் ஆர்டர், லோடு, சம்பளம், போனஸ் எல்லாம் அதில்தான் ஓடின. அந்த மொழியைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் சாஃப்ட்வேரை எங்களுக்கு விற்ற சென்னைக் கம்பெனி ஒரு சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. அடுத்த பதிப்பில் என்னென்ன புதிய வசதிகள் வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் எழுதி அனுப்பலாமாம். அதை அவர்கள் வெளிநாட்டில் மொழியின் விதிகளை வகுக்கும் குழுவுக்கு அனுப்புவார்களாம்.

நாம் சொல்லி அங்கே யார் கேட்கப்போகிறார்கள்? ஆனால் தினேஷ் அதை ஒரு பரீட்சையாக மாற்றிவிட்டார். நாங்கள் கேட்கிற வசதிகளைப் பார்த்துத்தான் பழைய மொழியிலேயே இருப்பதா, அறையில் யார் யார் இருப்பது என்று முடிவு செய்வதாக அண்ணாச்சியிடம் சொல்லியிருந்தார்.

செருப்பை வெளியே விடவும்

நான் விருதுநகர்க்காரி. அப்பா முத்தையா ஒரு வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளை. வீட்டுக்கு வரும்போது அவர் சட்டையோடு மிளகாய் நெடியும் வரும், நாங்கள் வரிசையாகத் தும்முவோம். பி.எஸ்.ஸி. முடித்த கையோடு மதுரையில் கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்த்துவிட்டார். "டைப்ரைட்டிங் மாதிரி ஏதோ" என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். கடைசிவரை அப்படித்தான் சொன்னாள்.

இப்ராகிம் அண்ணனும் விருதுநகர்தான். அவர் வீட்டில் அண்ணன் தம்பி அத்தனை பேரும் மல்லி, வத்தல் கமிஷன் வியாபாரம். இவர் மட்டும் கம்ப்யூட்டர் படிக்கப் போனார். "நம்ம இப்ராகிமு ஏ.சி.யில உக்காந்து அம்புட்டுப் பேருக்கும் சம்பளம் போடுறான், அவனுக்குச் சம்பளம் போடத்தான் ஆளில்ல" என்று அவர் வீட்டுக் கல்யாணங்களில் கேலி பேசுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

என்னை இந்தக் கம்பெனிக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அறை வாசலில் "செருப்பை வெளியே விடவும்" என்று பலகை தொங்கும். முதல் நாள் நான் கோயிலுக்குள் நுழைகிற பயத்தோடுதான் உள்ளே போனேன். ஆர்டரும் லோடும் அவர் எழுதினார். சம்பளமும் போனஸும் என் பங்கு. கல்யாணத்துக்கு முன்னால், தூக்கமும் பசியும் மறந்து ஒரு வேலை செய்தேன் என்றால் அது அதுதான். அந்த மாதிரி ஒரு வேகம் பிறகு எனக்கு எதிலும் வரவில்லை.

கோபோலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புரோகிராமை எழுதினாலும் முதலில் அதன் பெயர். அதற்கு அடுத்த வரி, எழுதியவர் பெயர். அதற்கென்றே மொழியில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். சம்பளப் புரோகிராமில் அந்த இடத்தில் "எம். சரஸ்வதி" என்று நான் போட்டேன். எம் என்றால் முத்தையா.

பிறகு கல்யாணம். வீட்டுக்காரர் கண்ணன், விருதுநகரிலேயே ஓர் எண்ணெய் மில்லில் சூப்பர்வைசர். தாலி ஏறிய மாதமே அலுவலக ரிஜிஸ்டரில் கே. சரஸ்வதி ஆகிவிட்டேன். நான் யாரையும் கேட்கவில்லை, என்னையும் யாரும் கேட்கவில்லை. நம் ஊரில் பெண்ணுக்கு இனிஷியல் மாறுவது வீடு மாறுவதோடு சேர்ந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பெண்களுக்கு மாரியம்மாள், முத்துமாரி, காளீஸ்வரி என்றுதான் பெயர். ஆளை ஆளிடமிருந்து பிரிப்பதே இனிஷியல்தான். தை மாதம் கல்யாணம் முடிந்து ஒரு பெண் வேலைக்குத் திரும்பினால் ஃபோர்மேன் புது இனிஷியலில் பதிவார். கம்ப்யூட்டர் அவளைப் புது ஆள் என்று நினைத்துக்கொள்ளும். அவள் அதுவரை பார்த்த சர்வீஸ் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அதனால் ஒவ்வொருவருக்கும் "பழைய இனிஷியல்" என்று ஒரு கட்டம் வைத்தேன். எந்த வீட்டுக்குப் போனாலும் அவள் அவள்தான் என்று மெஷினுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

எனக்கு அப்படி ஒரு கட்டத்தை யாரும் வைக்கவில்லை.

பொட்டலமும் கரண்ட்டும்

தினேஷ் தன் ஆசையை முதலில் எழுதினார். ஆப்ஜெக்ட்.

"ஒரு தொழிலாளியை எடுத்துக்கங்க. அவங்க பேரு, நாள், லீவு எல்லாம் ஒரே பொட்டலமா இருக்கும். அந்தப் பொட்டலத்தை வச்சு என்ன செய்யணுங்கிறதும் அதுக்குள்ளயே இருக்கும்."

"இப்பவும் ஒரே எடத்துலதான தம்பி இருக்கு? புதுசா என்ன பொட்டலம்?" என்றார் இப்ராகிம் அண்ணன்.

"பாய், போன வருஷம் போனஸ் விதி மாறிச்சுல்ல? எத்தனை புரோகிராமைத் திருத்தினீங்க?"

அந்தத் திருத்தம் எங்கள் முதுகெலும்பை முறித்திருந்தது. ஒரு விதியைப் பத்து இடத்தில் தேடித் தேடி மாற்றியது நாங்கள்தான். தினேஷ் சொன்னதில் நியாயம் இருந்தது. அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

"நீங்க சொல்லுங்கக்கா" என்று என் பக்கம் திரும்பினார். ஒரு மரியாதைக்குக் கேட்டார். வந்த நாளிலிருந்து அவர் என்னைப் பார்த்ததெல்லாம் வருகைச் சீட்டுகளை டைப் அடித்துக்கொண்டிருந்த கோலத்தில்தான். போனில் யாரிடமோ "டைப்பிங் அக்கா" என்று சொன்னது என் காதில் விழுந்தது. டைப் அடிக்கிற ஆள் வேலையை விட்டுப் போய், அந்த இடத்துக்கு யாரையும் எடுக்காமல் அண்ணாச்சி இழுத்தடித்துக்கொண்டிருந்தார். சீட்டுகள் தேங்கினால் சனிக்கிழமை சம்பளம் நின்றுவிடும். அதனால் நான் அடித்தேன்.

"கரண்ட் போனா, நின்ன எடத்துலேருந்து தொடங்கணும்" என்றேன். அன்றைக்குக் காலையில்தான் பாதி ஓடிய வேலை கரண்ட் போய் மறுபடி முதலிலிருந்து ஓடியது. எனக்கோ வீட்டில் சமையல், இங்கே சீட்டு, பஸ்ஸில் நின்றபடி பயணம், மறுபடி சமையல். எதுவுமே விட்ட இடத்திலிருந்து தொடங்க முடிவதில்லை.

"அது மொழியோட வேலை இல்லக்கா, யு.பி.எஸ். வேலை" என்றார்.

"யு.பி.எஸ். பாட்டரி செத்துப்போச்சு. மாமாகிட்டச் சொல்லுங்க."

தினேஷ் சிரித்துவிட்டார். நல்ல பிள்ளைதான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அலுப்பு வந்திருக்காது.

"இன்னொண்ணு, தமிழ் எழுத்து வேணும்" என்றேன். சம்பளச் சீட்டு இங்கிலீஷில்தான் வரும். கை மணிக்கட்டில் பட்டாசுக்கு இடும் வெள்ளிப்பொடி மினுங்க ஒரு பெண் சீட்டை நீட்டி, "இதுல எம் பேரு எங்கன இருக்கு?" என்று கேட்டிருக்கிறாள். விரலை வைத்துக் காட்டினேன். அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே படியிறங்கிப் போனாள். தினேஷ் மறுபேச்சுப் பேசாமல் இதைப் பலகையில் எழுதினார்.

கடைசியில் இப்ராகிம் அண்ணன். அவர் சுற்றறிக்கையை எழுத்தெழுத்தாகப் படித்து வந்திருந்தார். புது விதிகளில் சில பழைய சங்கதிகளை எடுத்துவிட்டார்கள் என்று அதில் ஒரு மூலையில் போட்டிருந்தது. எழுதியவர் பெயருக்கான வரியும் அதில் சேர்த்தி.

"புதுசா நூறு சேத்துக்கிடட்டும் தம்பி. பழசுல அந்த வரிய மட்டும் எடுக்கக் கூடாது. அதான் நான் கேக்குற புதுசு."

தினேஷ் பேனாவை மூடினார். மனிதருக்கு வயசாகிவிட்டது, பிடிவாதம் கூடிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

விசாரிக்கிறேன் தம்பி

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது தினேஷ் கையில் என் சம்பளப் புரோகிராமின் அச்சுப்பிரதி இருந்தது. மடிப்பு மடிப்பான நீளக் காகிதம். படித்துப் பார்த்திருக்கிறார், பென்சிலால் கோடெல்லாம் போட்டிருந்தார்.

"பாய், முன்னாடி இங்க எம். சரஸ்வதின்னு ஒருத்தங்க இருந்தாங்களா?"

என் விரல்கள் கீபோர்டில் அப்படியே நின்றன.

"ரொம்ப நல்லா எழுதியிருக்காங்க. கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்குப் பழைய இனிஷியல் வச்சிருக்காங்க பாருங்க, அதெல்லாம் யாரு யோசிப்பா? அவங்க இப்ப எங்க இருக்காங்கன்னு தெரியுமா? நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடலாம்னு மாமாகிட்டச் சொல்லியிருக்கேன். புதுப் பதிப்புக்கு இதையெல்லாம் மாத்தறதுக்கு அவங்கதான் சரி."

அவருக்கு என்னைப் பற்றி ரிஜிஸ்டரில் தெரிந்தது கே. சரஸ்வதி. வாயால் கூப்பிடுவது சரசு அக்கா. எங்கள் பக்கத்தில் இனிஷியல் வேறு என்றால் ஆளே வேறு. தொழிற்சாலைப் பட்டியலிலேயே சரஸ்வதிகள் நிறையப் பேர். ஆகவே அவருக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

இப்ராகிம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மெதுவாகத் தலையை ஆட்டினேன், சொல்ல வேண்டாம் என்று.

"விசாரிக்கிறேன் தம்பி" என்றார் அவர்.

ஏன் வேண்டாம் என்றேன்? கோபம்தான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளை ஏறெடுத்துப் பார்க்காமல் எங்கேயோ இருக்கிற ஒருத்தியைத் தேடுகிறார். அப்படிப்பட்டவர் முன்னால் கையைத் தூக்கி, நான்தான் ஐயா அது, வேண்டுமானால் கேள்வி கேட்டுப் பாருங்கள் என்று நிற்க வேண்டுமா? அலுத்துப்போயிருந்தேன். வீட்டிலும் வெளியிலும் எத்தனை இடத்தில்தான் என்னை நானே ருசுப்படுத்துவது?

தினேஷ் போனதும் அண்ணன் பொரிந்துவிட்டார்.

"ஏம்மா சரசு, ஒனக்கு என்ன கிறுக்கா? சாமி வரம் குடுக்க வந்து நிக்குது, நீ மொகத்தத் திருப்பிக்கிட்டு இருக்கே!"

"அவருக்காத் தெரியணும்ணே."

"அவருக்காத் தெரிய அவரு என்ன ஜோசியரா?"

பக்கம்தானே

விஷயம் மறுநாள்தான் தெரிந்தது. அண்ணாச்சி தாமே கூப்பிட்டுச் சொன்னார். ஆமத்தூரில் புதிதாக எடுத்திருக்கும் கோடவுனில் ஒரு கம்ப்யூட்டர் போடப்போகிறார்கள். பெட்டி வருவதும் போவதும் அங்கேயே பதிய வேண்டும். அதற்கு என்னை அனுப்பச் சொல்லித் தினேஷ் சொல்லியிருக்கிறார்.

"ஒனக்கும் நல்லதுதாம்மா. விருதுநகர்ல ஏறுனா பாதி வழியில எறங்கிக்கிடலாம். பஸ்ஸு சார்ஜும் மிச்சம்."

ஆமத்தூர் கோடவுனை நான் பார்த்திருக்கிறேன். தகரக் கூரை. லாரிக்காரர்களும் சுமைக்காரர்களும் தவிர மனுஷ வாடை கிடையாது. அங்கே போனால் பெட்டி எண்ணிக்கையை அடித்துக்கொண்டே ரிட்டையர் ஆக வேண்டியதுதான். இனி ஒரு வரி புரோகிராம் எழுத முடியாது. ஆனால் வாயில் வந்தது "சரிங்க அண்ணாச்சி" மட்டும்தான். பழக்கதோஷம்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பக்கம்தான, நல்லதாப் போச்சு" என்றார். அவர் மனத்தில் கள்ளமில்லை. நான் சாயங்காலம் சீக்கிரம் வருவேன், பிள்ளைகளுக்கு ஆகும் என்று நினைத்தார். நான் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். அடுப்படிக்குப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மெஷின் படிக்காத வரி

மூன்றாவது கூட்டத்தில் தினேஷ் எல்லாவற்றையும் தொகுத்து வாசித்தார். ஆப்ஜெக்ட், மவுஸால் தொட்டு வேலை செய்யும் திரை, தமிழ் எழுத்து, கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவது. கடைசியைச் சும்மா என் மனசுக்காகச் சேர்த்திருந்தார்.

"என்னோடத விட்டுட்டீகளே தம்பி?" என்றார் இப்ராகிம் அண்ணன்.

"எது பாய்?"

"எழுதினவுக பேரு."

தினேஷ் பெருமூச்சு விட்டார். "பாய், அந்த வரியை மெஷின் படிக்கிறதே இல்ல. தாண்டிப் போயிடுது. அது இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வேணும்னா ஓரத்துல குறிப்பா எழுதிக்கலாம்."

"குறிப்புன்னா தோணுனா எழுதுவாக, தோணாட்டி விட்டுருவாக. அதுக்குன்னு ஒரு எடத்த ஒதுக்கி வச்சிருந்தா, காலியா விடக் கை கூசும்ல? அதத்தான் சொல்லுதேன்."

"இதுக்கு ஒரு குழு உட்கார்ந்து யோசிக்கணுமா பாய்?"

அண்ணன் எழுந்துவிட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை, ஆனால் மேசைமேல் கிடந்த என் அச்சுப்பிரதியை விரலால் தட்டினார்.

"மெஷின் படிக்கலேன்னா போகுது தம்பி. நீங்க படிச்சீகள்ல? படிச்சதுனாலதான அந்தப் பிள்ளைய ஊரெல்லாம் தேடுறீக? அந்த ஒத்த வரி இல்லாட்டி இத எழுதினது ஒரு பொம்பளன்னாவது ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் அவர் பழசுக்காக வாதாடவில்லை. சுற்றறிக்கையில் அந்த மூலையைப் படித்த அன்றே, என் பெயர் போகப்போகிறது என்று அவருக்குப் பட்டிருக்கிறது. எனக்குப் படவில்லை. சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, நான்தான் அது" என்றேன்.

தினேஷுக்குப் புரியவில்லை. "எதுங்கக்கா?"

"எம். சரஸ்வதி. எங்க அப்பா பேரு முத்தையா."

அவர் என்னைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நீங்க கே. தானே?"

"கல்யாணத்துக்குப் பெறகு கே."

"ஏங்க்கா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க பாய்கிட்டத்தான கேட்டீக. எங்கிட்ட கேக்கலையே." குரல் உடைந்துவிட்டது. அழுகை இல்லை, அத்தனையும் ஆத்திரம். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். வந்தபோது தினேஷ் பட்டியலில் கடைசியாக ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டிருந்தார்: எழுதியவர் பெயர் நீடிக்க வேண்டும்.

நம்ம பிள்ளை

ஆமத்தூர்ப் பேச்சு அதோடு நின்றது. சீட்டு அடிக்க வேறு ஆள் எடுத்தார்கள். புதுப் பதிப்புக்கு மாற்றும் வேலை முழுதும் என் தலையில் விழுந்தது.

"எம். சரஸ்வதிக்கு நல்ல சம்பளம் பேசி வச்சிருக்கேன்னீகளே தம்பி?" என்று இப்ராகிம் அண்ணன் எனக்காகக் கேட்டுப் பார்த்தார்.

தினேஷ் நெளிந்தார். "அது வெளியாள்னு நெனச்சு மாமா சம்மதிச்சது பாய்."

அண்ணாச்சியோ வாய் நிறையச் சிரித்தார். "சரசு நம்ம பிள்ளையில்ல! தீபாவளி முடியட்டும், பாத்துக்கிடலாம்." எத்தனையோ தீபாவளி முடிந்தது. நம்ம பிள்ளையாக இருப்பதில் உள்ள கஷ்டம் அது.

நாங்கள் அனுப்பியதற்கு ஒரு நன்றிக் கடிதம்கூட வரவில்லை. புதுப் பதிப்பு மட்டும் வந்தது. தமிழ் எழுத்துக்கு வழி இருந்தது, முக்கி முனகிச் சம்பளச் சீட்டைத் தமிழில் கொண்டுவந்தோம். ஆப்ஜெக்ட்டும் வந்தது. கரண்ட் எப்போதும்போல் போனது. எழுதியவர் வரி விதிகளில் இல்லை. புரோகிராமை ஓட்டத் தயார் செய்யும்போதெல்லாம் "பிழை இல்லை, எச்சரிக்கை ஒன்று" என்று திரையில் வரும். அந்த வரி காலாவதியானது, பொருட்படுத்தப்படவில்லை என்பதுதான் எச்சரிக்கை. பெங்களூருக்கே திரும்பிவிட்ட தினேஷ் போனில், "அதை எடுத்துடுங்கக்கா, சுத்தமா இருக்கும்" என்றார். பார்க்கிறேன் என்றேன். இப்ராகிம் அண்ணன் ஓய்வு பெற்றுத் தம்பி கடையில் உட்கார்ந்துவிட்டிருந்தார். அறையில் நான் மட்டும்தான் பழைய ஆள்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு எல்லார் வீட்டிலிருந்தும் அலுவலகத்துக்கு வந்திருந்தார்கள். கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துப் பொரிகடலை கொடுத்தோம். என் வீட்டுக்காரர் முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்தார், செருப்பை வெளியே விட்டுவிட்டு. நான் என்ன செய்கிறேன் என்று காட்டச் சொன்னார். சம்பளப் புரோகிராமைத் திறந்தேன்.

குனிந்து படித்தார். "எம். சரஸ்வதி. இது நீயா?"

"நான்தான்."

"இத்தன வருசமாச்சு, இன்னும் மாமா இனிஷியல்லயே கெடக்கே? நம்ம இனிஷியலப் போட்டுறலாம்ல? எந்தப் பட்டன அமுக்கணும்?" என்று ஆசையாகக் கையை நீட்டினார்.

"அதுல கைய வச்சா புரோகிராமே நின்னுரும். சனிக்கெழம யாருக்கும் சம்பளம் வராது" என்றேன்.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "ஆத்தாடி, அப்ப இருக்கட்டும், இருக்கட்டும்" என்று இரண்டடி பின்னால் தள்ளி நின்றார்.